மஞ்சள் துணி

“வீட்ல யார் சார் தெனமும் வண்டியத் துடைக்கிறது?”

கேட்டவனுக்கு இருபத்தி மூன்று வயது இருக்கும். வேளச்சேரி பக்கம் ஒரு கார் டீட்டெய்லிங் கடை. சும்மா ஒரு வாட்டர் வாஷ் செய்யலாம் என்றுதான் போனேன். பையன் கையில் டார்ச் லைட்டோடு வந்தான். என் கார் பானெட் மீது அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது மாதிரி பார்த்தான்.

“எங்கப்பா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. எழுபத்தாறு வயதில், விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மகனின் காரைத் துடைத்து வைக்கிற அப்பா எத்தனை பேருக்கு வாய்க்கும்?

“மொதல்ல அவர நிறுத்தச் சொல்லுங்க சார்!”

குனிந்து பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக ஆயிரம் கீறல்கள். சிலந்தி வலை பின்னிய மாதிரி. கறுப்பு நிறக் கார். வாங்கி மூன்று வருடம்கூட முழுசாக ஆகவில்லை. நிழலில் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடுகிறது.

“தூசுன்னு நெனைச்சுத் துடைக்கிறீங்க. அது தூசு இல்ல சார், மணல். காய்ஞ்ச துணில மணலப் போட்டு தெனமும் தேய்ச்சா?”

பையன் பிறகு சிராமிக் கோட்டிங் என்று ஒன்றைச் சொன்னான். அதற்கு அவன் சொன்ன தொகை, என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. யோசிச்சு சொல்றேன் தம்பி என்று கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் எரிச்சல். யார் மேல் என்று கேட்டால்... அப்பா மேல்தான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் டிரைவர். பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்த ஒரு முதலாளியிடம் இருபது வருடத்துக்கும் மேல் வண்டி ஓட்டினார். 1978-ல் முதலாளி வாங்கிய அம்பாசடர் மார்க் 3, க்ரீம் கலர். கீழ்ப்பாக்கத்தில் பங்களா. நாங்கள் அயனாவரத்தில் ஒண்டுக்குடித்தனம். அப்பா காலை நாலரைக்கு சைக்கிளில் கிளம்பினால், ஆறு மணிக்குள் அம்பாசடர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஒரு பக்கெட் தண்ணீர். அதில் ஒரே ஒரு மூடி மண்ணெண்ணெய். அப்புறம் மஞ்சள் துணி. அந்த மஞ்சள் துணிக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை சாமி படத்துக்குக்கூட இருந்ததா என்பது சந்தேகம். அம்மா அதைத் தனியாகத் துவைத்து, தனிக் கொடியில் காயப்போடுவார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பரீட்சை லீவில் ஒருநாள் அப்பாவோடு பங்களாவுக்குப் போயிருந்தேன். முதலாளியம்மா வெளியே கிளம்ப வந்தார். கார் கதவைத் திறப்பதற்கு முன்னால், ஆள்காட்டி விரலை மட்கார்டில் வைத்து ஒரு இழு இழுத்தார். விரலைத் திருப்பி அப்பாவிடம் காட்டினார். நுனியில் கொஞ்சம் தூசு. ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா, “சரிங்கம்மா” என்றார். நான் வேறு எதையோ பார்ப்பது போலத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கீழே கூப்பிட்டேன். செல்போன் டார்ச்சைப் போட்டு பானெட் மேல் பிடித்தேன். “பாருங்க. இதெல்லாம் நீங்க துடைச்சதுல வந்தது. இனிமே தொடாதீங்கப்பா” என்றேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடிக்காரர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தோளில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து நாலாக மடித்தார்.

“சரிப்பா.”

அவ்வளவுதான்.

*

மறுநாள் ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. சத்தம் இல்லை. தினமும் பைப்பில் பக்கெட் நிறைகிற சத்தம், செருப்புச் சத்தம், துணியை உதறுகிற ‘பட்’ என்ற சத்தம், இது மூன்றும்தான் எனக்கு அலாரம். எழுந்து போய்ப் பார்த்தால், அப்பா பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தது என்னவோ வழக்கம் போல ஐந்துக்கே. செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

அம்மா போன பிறகு அயனாவரத்திலிருந்து எங்களோடு மடிப்பாக்கம் வந்தவர். இங்கே அவருக்குத் தெரிந்த மனிதர்கள் இல்லை. டீக்கடையில் உட்காரும் பழக்கமும் கிடையாது. கார் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த ஆள். அதையும் நான் பிடுங்கிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கப் பதினோரு நாள் ஆனது. அதுவும் தானாக உறைக்கவில்லை.

“ஏங்க, அவரு ரெண்டு நாளா மத்தியானத்துலயும் படுத்தே கெடக்குறாரு. காரு பழசானா வேற வாங்கலாம்” என்றாள் என் மனைவி. அடுத்த வரியை அவள் சொல்லவில்லை. சொல்லாமலேயே கேட்டது.

நான் பி.காம். படித்தவன். எங்கள் கணக்குப் பதிவியலில் ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம் உண்டு. நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் இருப்பு முறை என்று இரண்டு வழிகளில் அதைக் கணக்கு போடுவோம். ஒரு சொத்து தேயும் என்பதைத்தான் அந்தப் பாடம் சொல்லித் தந்தது. எதனால் தேய்கிறது, எப்படித் தடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காக நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆபீஸில் தலையங்கம் எழுத வேண்டிய நேரத்தில் கார் பெயின்ட்டைப் பற்றிப் படித்தேன் என்பதை எங்கள் ஆசிரியர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிக்கப் படிக்க, அப்பா செய்தது தப்பே இல்லை என்று தெரிந்தது. அவர் காலத்து வண்டிக்கு!

அந்தக் கால அம்பாசடரில் கலர்தான் மேல் தோல். அதற்கு மேலே வேறு பூச்சு இல்லை. வெயிலிலும் காற்றிலும் நிற்கிற அந்தத் தோல் நாளடைவில் செத்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் செத்த தோல் உரிந்து, துணியில் கலர் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளேயிருந்து புதுக் கலர் தெரியும். அதாவது, தேய்க்கத் தேய்க்கத்தான் அது மின்னும்.

இப்போதைய கார் வேறு ஜாதி. தகடு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’. பளபளப்பு எல்லாம் அந்தக் கண்ணாடிப் படலத்தால் வருவது. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து கலரைக் காப்பாற்றுவதும் அதுதான். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான் என்கிறார்கள். முடியைவிட மெல்லிசான அந்தத் தோல்தான், தெருப் புழுதி, எங்கள் போர் தண்ணீரின் உப்பு, காக்கா எச்சம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. நிழலுக்கு ஆசைப்பட்டு அதன் கீழ்தான் நிறுத்துவேன். மரம் பிசின் மாதிரி எதையோ சொட்டும். காக்காய் தன் பங்கைப் போடும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால், கழுவின பிறகும் அதன் தடம் அங்கேயே நிற்கும்.

ஆக, கிளியர் கோட் மேல் இன்னொரு தோல் வேண்டும். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தோல். அதற்குத்தான் சீலன்ட்டும் வாக்ஸும்.

சீலன்ட் என்பது ரசாயனம். செயற்கை பாலிமர். பெயின்ட்டோடு நேராகப் பிடித்துக்கொள்ளும். நான்கு, ஐந்து மாதம் தாங்கும். வாக்ஸ் என்பது மெழுகு. நம் வெயிலுக்கு ஒன்றரை மாதம் நின்றால் அதிகம். ஆனால் அது தருகிற ஒரு ஆழமான மினுமினுப்பை சீலன்ட் தராது என்று இதில் ஊறியவர்கள் சத்தியம் செய்கிறார்கள். முதலில் சீலன்ட், அதன் மேல் வாக்ஸ். மாற்றிப் போட்டால் மெழுகின் மேல் சீலன்ட் ஒட்டாது, காசு தண்டம்.

அந்த மெழுகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பனையிலிருந்து! பிரேசில் நாட்டின் வடகிழக்கில் கார்னௌபா என்று ஒரு பனை. வறண்ட பூமி. ஓலையில் இருக்கிற ஈரம் போய்விடாமல் இருக்க, அந்த மரம் தானே தன் ஓலை மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்தால் மெழுகு மாவாக உதிர்கிறது. சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடானால்தான் உருகும் என்பதால் வெயிலுக்கு அசராது. காருக்கு மட்டும் இல்லை, மிட்டாய் பளபளப்புக்கும் மாத்திரை மேல் பூச்சுக்கும் லிப்ஸ்டிக்குக்கும் அதே மெழுகுதான். தலைவலி மாத்திரையும் என் கார் பானெட்டும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள்.

ஷாம்பூ, களிமண் மாதிரி ஒரு கட்டி, ஆறு மைக்ரோஃபைபர் துணி, ஒரு பாட்டில் சீலன்ட், ஒரு டப்பா வாக்ஸ். எல்லாவற்றையும் வாங்கி வந்து அப்பாவின் கட்டில் மேல் பரப்பி வைத்தேன்.

“சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் போடறோம்.”

“நீ போடுப்பா. நான் தொட்டா கீறிடும்” என்றார்.

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னார். அதுதான் வலித்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் வாக்ஸ் டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். “பனை மெழுகுப்பா. பிரேசில்லேர்ந்து வருது” என்றேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். சுண்டு விரலால் ஓரத்தில் தொட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“மொதலாளி ஒரு டப்பா வாங்கித் தருவாரு. இதே வாசனை. தீபாவளிக்கு ஒருதரம், பொங்கலுக்கு ஒருதரம் போடுவேன்” என்றார். அப்புறம், “வெயில்ல போடக் கூடாது. தகடு சில்லுன்னு இருக்கணும்.”

இதைத்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்து படித்திருந்தேன்.

*

சனிக்கிழமை காலை ஐந்தரை. இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் நனைக்க வேண்டும். மணல் முதல் பக்கெட்டுக்குப் போகாது. மேலிருந்து கீழே கழுவ வேண்டும். டயர் ஓரம் கடைசி. அப்பா என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டார்.

கழுவிய பிறகு ஒரு சோதனை உண்டு. கையை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டுக்கொண்டு பெயின்ட் மேல் தடவ வேண்டும். வெறும் கைக்கு வழுவழு என்று இருப்பது, கவருக்குள்ளிருந்து தடவினால் நெருடும். அப்பா தடவிவிட்டு, “உமி ஒட்டின மாதிரி இருக்கே!” என்றார். அந்தக் களிமண் கட்டியை, சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டினால் அந்த உமியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மணல் ஏறியிருக்கும். நான் ஒரு தடவை கீழே போட்டேன். அப்பா போடவில்லை.

கீறலுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மெஷின் பாலிஷ் போட்டால் போகும் என்று கடைப் பையன் சொல்லியிருந்தான். கீறல் எப்படிப் போகிறது என்றால், சுற்றியிருக்கிற கிளியர் கோட்டையும் சில மைக்ரான் சீவி மட்டம் பண்ணுவதால் போகிறது. வாக்ஸ் போட்டால் கீறல் மறையாது. பள்ளத்தில் மெழுகு உட்கார்ந்து கண்ணுக்குக் கொஞ்சம் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

“இருக்கிறதே முடி கனம்னு சொல்ற. அதுலயும் சீவணுமா? வேணாம். இருந்துட்டுப் போவட்டும்” என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சீலன்ட் போட்டோம். நான் நிறைய ஊற்றிக்கொண்டேன். “கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி அப்பாதே. இருக்குதா இல்லையான்னு சந்தேகம் வரணும்” என்று என் கையிலிருந்து ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு என்னிடம் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். இழுவாமல் சுத்தமாக வந்தால் காய்ந்துவிட்டது, துடைக்கலாம். அப்பா ஆள்காட்டி விரலை மட்கார்டில் வைத்து மெதுவாக ஒரு கோடு இழுத்து, விரல் நுனியைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

“பாத்தியா? ஒண்ணும் ஒட்டல.”

எனக்குக் கீழ்ப்பாக்கம் பங்களா ஞாபகம் வந்தது. கூடவே, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலமும். அவருக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா” என்று மட்டும் சொன்னேன். “எதைச் சொல்ற?” என்றார். நிஜமாகவே கேட்டாரா, எனக்காகக் கேட்டாரா... அந்தக் கதவைத் திரும்பிக்கொண்டு துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சீலன்ட் பெயின்ட்டில் நன்றாகப் பிடிக்க ஒரு நாள் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாக்ஸ். பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும், ஜாக்கிரதையாக இருங்கள் என்றேன். பட்டது என் கைதான். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்தேன். பாத்திரம் கழுவுகிற சோப்பை எடுத்து வரட்டுமா என்றாள் மனைவி. அதைத் தொட்டால் இரண்டு நாள் போட்ட மெழுகும் போய்விடும் என்று அலறினேன்.

ஏழு மணிக்கு வெயில் வந்தது. வேலை முடிந்திருந்தது. அப்பா நாலு தடவை காரைச் சுற்றி வந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஷோரூமிலிருந்து வந்தபோதுகூட இப்படி இல்லை என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் கீறல் அப்படியேதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் டார்ச் அடிக்கவில்லை.

இப்போது மறுபடி ஐந்து மணிக்குப் பக்கெட் சத்தம் கேட்கிறது. ஒன்றுக்கு இரண்டு பக்கெட். தினமும் இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் காக்கா எச்சத்தைத் தேடிப் போய், ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுக்கிற வேலை.

போன வாரம் பால்கனியிலிருந்து பார்த்தேன். மூன்றாவது மாடிக்காரர் வீட்டுக்கு வருகிற ஆக்டிங் டிரைவர், புதுக் கார் ஒன்றைக் காய்ந்த துணியால் பட் பட் என்று அடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா தன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனார். எனக்குத் திக்கென்றது.

“தம்பி, உம் மேல தப்பு இல்லப்பா. எங்க காலத்துல நாங்களும் இப்படித்தான் துடைச்சோம். இப்ப பெயின்ட்டு வேற. இந்தா, இந்தத் துணிய நனைச்சுக்க.”

டிரைவர் சிரித்துக்கொண்டே துணியை வாங்கினார். அப்பா பக்கத்திலேயே நின்று, எப்படி அலச வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கு, காஸ் வந்த தேதி எல்லாம் அப்பாதான் குறித்து வைப்பார். நேற்று எதற்கோ பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். நான்கு மாதம் தள்ளி ஒரு சனிக்கிழமையில், நடுங்கின பேனாவில் எழுதியிருந்தார்: ‘கார் - சீலன்ட்’. மறுநாள் கட்டத்தில்: ‘மெழுகு. இவன் ஊர்ல இருக்கானா கேட்கணும்.’